சேகரத்தில் ஊர்ப்பணி: குருவானவர் மாற்றலாகிப் போனாலும் நின்றுபோகாமல் நடத்துவது எப்படி

தென்னிந்தியத் திருச்சபையின் நெல்லை, தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலங்களின் கிராமச் சேகரங்களில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதிகளில், ஒரு குருவானவர் சில ஆண்டுகள்தான் இருப்பார். ஊர்ப்பணி, அதாவது ஊர் மக்களுக்கான உதவி வேலை, சூடுபிடிக்கும்போது மாற்றல் உத்தரவு வரும். பழைய மிஷனரிகளுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். மர்காஷிஸ் 1876இலிருந்து 1908இல் இறக்கும்வரை நாசரேத்தில் இருந்தார். அங்கே பள்ளியும் தொழிற்கூடமும் மருத்துவமும் வளர்ந்தது அந்த முப்பது ஆண்டுகளில்தான். அவர்களைப் பார்த்து இன்றைய குருவானவர் நான்கே ஆண்டுகளில் ஒரு நாசரேத்தை எழுப்ப நினைத்தால், பாதியில் நின்ற கட்டடமும் பதில் சொல்ல ஆளில்லாத கணக்கும்தான் மிஞ்சும்.

பார்த்துப் படிக்க வேண்டிய முன்மாதிரி வேறு. மிஷனரி இரேனியஸ் 1830இல் தொடங்கிய தர்ம சங்கம் ஊர்ச் சபையாரின் காணிக்கையைத் திரட்டி, குடியிருக்க இடமில்லாத புதிய கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. அவர் 1838இல் மறைந்த பிறகும் சங்கம் தொடர்ந்தது, ஏனென்றால் அது ஊராரின் சங்கம். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த அடிப்படையில்தான்: குருவானவர் தொடங்கி வைக்கலாம், முன்னால் நிற்கலாம், ஆனால் சாவியும் கையெழுத்தும் நோட்டும் அவர் கையில் இருக்கக் கூடாது.

முதல் மூன்று மாதம்: எதையும் அறிவிக்காதீர்கள்

புதிதாக வந்தவுடன் பீடத்தில் நின்று "இந்த ஊருக்கு ஒரு தையல் மையம் கொண்டுவருவேன்" என்று சொல்லிவிடுவது எளிது. அதே ஊரில் பழைய தையல் இயந்திரங்கள் ஆறு, பெண்கள் ஐக்கிய சங்கத்தின் அறையில் துருப்பிடித்துக் கிடக்கலாம். முதலில் சேகரத்தை நிர்வகிக்கும் சேகர மன்றத்தின் பழைய தீர்மானப் புத்தகத்தைப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னோக்கி வாசியுங்கள். எந்த வேலை தொடங்கியது, எது நின்றது, நின்ற மாதம் எது என்று ஒரு தாளில் குறியுங்கள். நின்ற மாதமும் முந்தைய குருவானவரின் மாற்றலும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

வீடு சந்திப்பு எப்படியும் நடக்கும். சபை வீடுகளோடு நிறுத்தாமல், தெருவில் அடுத்த வீட்டுத் திண்ணையிலும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பள்ளித் தலைமையாசிரியர், சத்துணவு அமைப்பாளர், கிராம சுகாதாரச் செவிலியர், கிராம நிர்வாக அலுவலர், ரேஷன் கடை விற்பனையாளர் ஆகிய ஐந்து பேரையும் தனித்தனியே பாருங்கள். ஊரில் யாருக்கு என்ன கிடைக்கவில்லை என்பது குருவானவரைவிட இவர்களுக்குத் தெரியும். குறிப்பாகச் செவிலியருக்கு.

கணக்கெடுப்பு

நான்காம் மாதத்தில் ஊர் முழுக்க ஒரு கணக்கெடுப்பு. முந்நூறு வீடு என்றால் இருபது பேர் போதும்: இரண்டிரண்டு பேராகப் பத்துச் சோடிகள், சோடிக்கு முப்பது வீடு. ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெண் கட்டாயம். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இரண்டு வாலிபர்கள் போய் நின்றால் கதவே திறக்காது. திறந்தாலும் உண்மை வராது. ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் ஆகும். மாலைக்கு மூன்று வீடு என்று வைத்தால் இரண்டு வாரத்துக்குள் முடியும்.

நேரம் பார்த்துப் போக வேண்டும். பனையேறும் வீட்டில் பதநீர்ப் பருவத்தில் காலையும் மாலையும் ஆள் இருக்காது. பெண்கள் காய்ச்சுகிற அடுப்பைவிட்டு எழ முடியாது. பீடி சுற்றும் வீட்டில், அன்றைய கட்டைக் கடையில் கொடுத்துத் திரும்பிய பிறகுதான் பேச மனம் வரும். உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்பி மதியத்துக்குள் திரும்புவார்கள். அவர்களுக்கு மாலை நல்லது.

கேள்விகள் பத்துக்கு மேல் வேண்டாம். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, ரேஷன் அட்டை உண்டா, அறுபது வயதுக்கு மேற்பட்டவர், கைம்பெண், மாற்றுத்திறனாளி இருக்கிறார்களா, அவர்களுக்கு உதவித்தொகை வருகிறதா, மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா, குடிதண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை இருக்கிறதா, அதை யாராவது பயன்படுத்துகிறார்களா, கடன் யாரிடம். கடனின் தொகையைக் கேட்காதீர்கள். வங்கியா, நகைக்கடையா, குழுக்கடனா, வாரவட்டியா என்று மட்டும் கேட்டால் பதில் வரும். தொகை கேட்டால் அடுத்த கேள்விகளுக்கும் சேர்த்துப் பொய் வரும்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எதையும் எழுதாதீர்கள். தேவையும் இல்லை, தாள் தொலைந்தால் பழியும் உங்கள்மேல்தான்.

இங்கே வழக்கமாக மூன்று கோளாறு நடக்கும். ஒன்று, எழுதிக்கொண்டு போனவுடன் "கோயிலில் பணம் கொடுக்கப் போகிறார்கள்" என்று பேச்சு பரவும். போகும் முன்பே ஒவ்வொரு வாசலிலும் "இது எதுவும் கொடுப்பதற்கான பட்டியல் இல்லை" என்று சொல்ல வேண்டும், முடித்துக் கிளம்பும்போது இன்னொரு தடவையும். இரண்டு, சபையார் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கையின் பாக்கி எழுதிய நோட்டை யாராவது கையோடு எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த நோட்டைப் பார்த்ததும் பாதிச் சபை வீடுகள் ஊமையாகிவிடும். மூன்று, எடுத்த கணக்கு குருவானவர் குடியிருக்கும் குருமனையின் அலமாரியிலேயே உறங்கும். எடுத்து முடித்த ஒரு மாதத்துக்குள் எண்களை மட்டும், பெயர்கள் இல்லாமல், ஊர்ப் பொதுவிடத்தில் வாசித்துக் காட்டுங்கள். ஆலய வளாகத்தைவிடப் பள்ளி மைதானமோ சமுதாய நலக்கூடமோ நல்லது, எல்லாரும் வருவார்கள். "உதவித்தொகைக்குத் தகுதியுள்ள முதியவர் நாற்பது பேர், வாங்குகிறவர் இருபத்திரண்டு பேர்" என்று ஒரு வரி வாசித்தாலே, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூட்டமே சொல்லும்.

முதல் வேலையாக மனு மேசை

கட்டடம், இயந்திரம், சம்பளம் எதுவும் கேட்காத வேலையை முதலில் எடுங்கள். எங்கள் கணிப்பில் அதற்கு மனு மேசையைவிடப் பொருத்தமானது இல்லை. வாரம் ஒருநாள், இரண்டு மணி நேரம், ஒரு மேசை, எழுதத் தெரிந்த இரண்டு பேர், ஒரு பதிவேடு, அருகில் நகல் எடுக்கும் கடை. ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் வைத்தால் சபையார் மட்டும்தான் வருவார்கள். சனிக்கிழமை மாலை, நூலகத் திண்ணையிலோ பால் சங்கத்து முகப்பிலோ வையுங்கள்.

இங்கே வருகிற வேலைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. முதியோர், கைம்பெண் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மருத்துவ முகாம் தேதி. ஒரு மனுவில் ஒரே கோரிக்கை எழுதுங்கள். தெருவிளக்கையும் பட்டாவையும் ஒரே தாளில் எழுதினால், பதில் இரண்டில் எளிதானதற்கு மட்டும் வரும். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி, எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். முப்பது நாளில் அசைவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு "இந்த எண்ணுள்ள மனுவின் மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்ற ஒற்றைக் கேள்வி. பல மனுக்கள் இந்த ஒற்றைக் கேள்வியில் நகர்ந்துவிடும்.

பிறப்பும் இறப்பும் குருவானவரின் வாசலுக்கு முதலில் வரும் செய்திகள். இதை நன்றாகப் பயன்படுத்தலாம். அடக்க ஆராதனைக்குத் தேதி கேட்டு வரும் குடும்பத்திடம் "இறப்பைப் பதிந்துவிட்டீர்களா" என்று கேட்பதைச் சபை ஊழியரான உபதேசியாருக்குப் பழக்குங்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமும் இல்லை, அலைச்சலும் இல்லை; ஓராண்டு கடந்துவிட்டால் அதிகாரியின் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். கல்லறைப் பதிவேட்டின் நகல் இறப்புச் சான்றிதழுக்கு ஈடாகாது. ஞானஸ்நானச் சான்றும் அப்படித்தான்: 1.10.2023 அன்றோ பிறகோ பிறந்த பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் கடவுச்சீட்டுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் அரசுப் பிறப்புச் சான்றிதழ்தான். ஞானஸ்நான விண்ணப்பத்தோடு பிறப்புச் சான்றின் நகலையும் கேட்டு வாங்கினால், பதியாமல் விட்ட பிள்ளைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆலய முத்திரைத் தாளில் குருவானவர் பரிந்துரைக் கடிதம் எழுதும் பழக்கத்தை முடிந்தவரை குறையுங்கள். கடிதம் வேலை செய்யும், செய்வதுதான் சிக்கல். அடுத்தவர் வந்து எழுத மறுத்தால் மனுவும் நின்றுவிடும். மனுவை உதவி கேட்பவர் பெயரில், அவர் கையெழுத்தில், அவரே போய்க் கொடுக்கட்டும். கூட ஒருவர் துணைக்குப் போகலாம்.

கிராம சபையையும் இதே முறையில் அணுகுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. தேதிக்கு ஒரு வாரம் முன்பு மனு மேசைக்காரர்கள் கூடி இரண்டே கோரிக்கையைத் தேர்ந்து, அதைப் பேசப்போகும் பெண்கள் யார் என்று முடிவு செய்யட்டும். குருவானவர் கடைசி வரிசையில் உட்காரட்டும். தீர்மானம் எழுதப்பட்டதா என்று புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்குவது பல ஊரிலும் உண்டு.

குழு, சாவி, கையெழுத்து

மனு மேசை ஆறு மாதம் ஓடிய பிறகு ஒரு குழு அமையுங்கள், அதற்கு முன் அல்ல. ஆறு மாதத்தில் யார் தவறாமல் வருகிறார்கள், யார் புகைப்படத்துக்கு மட்டும் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒன்பது பேர் போதும். சேகர மன்றத்திலிருந்து இரண்டு பேர், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு, வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு, சபைக்கு வெளியே ஊரிலிருந்து இரண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியரோ செவிலியரோ ஒருவர். சபைக்கு வெளியே உள்ளவர்களைச் சேர்க்க மன்றத்தில் எதிர்ப்பு வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். வெள்ளத்திலோ ஊர்ச் சண்டையிலோ நம் வேலையை நமக்காகப் பேசப் போகிறவர்கள் அவர்கள்தான்.

முதல் ஆண்டு மட்டும் குருவானவர் தலைவராக இருக்கலாம். இரண்டாம் ஆண்டு ஆலோசகர். குருமனையில் கூட்டம் வைக்காதீர்கள். வைத்தால் குருவானவர் ஊரில் இல்லாத வாரம் கூட்டமும் இருக்காது. பெண்கள் ஐக்கிய சங்கத் தலைமை வழக்கப்படி குருவானவரின் மனைவிக்கே போகும். அந்த வழக்கத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்றாலும், ஊர்ப்பணியின் பெண்கள் பொறுப்பை உள்ளூர்ப் பெண் ஒருவரிடம் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. இல்லையென்றால் ஒரே மாற்றலில் இரண்டு தலைமையும் ஒரே வண்டியில் ஏறிவிடும்.

ஒப்படைப்புக் கோப்பை மாற்றல் உத்தரவு வந்த பிறகு தயாரிக்க முடியாது. அந்த இரண்டு வாரமும் பிரிவுபசார விருந்திலேயே கழியும். குழு தொடங்கும் நாளிலேயே ஒரு கோப்பு போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செயலாளர் புதுப்பிக்கட்டும். கணக்கெடுப்பின் எண்கள், நிலுவையில் உள்ள மனுக்களும் அவற்றின் எண்களும், வங்கிப் புத்தகத்தின் நகல், பொருள் பட்டியல், சாவி யாரிடம், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், பாதியில் நிற்கும் வேலைகள். அதில் ஒரு தாள், "செய்ய முயன்று விட்டுவிட்டவை, ஏன்" என்று இருக்கட்டும். புதிதாக வருபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

நிலம், கட்டடம் சம்பந்தமான எதையும் குருவானவர் பெயரிலோ குழு உறுப்பினர் பெயரிலோ வாங்காதீர்கள். தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகளுக்கு அதன் அறக்கட்டளைச் சங்கம் இருக்கிறது. அந்த வழியைச் சுற்றிப் போனவர்கள் நீதிமன்றப் படிகளில் வயதாகியிருக்கிறார்கள். தனிச் சங்கம் வேண்டும் என்ற நிலை பிறகு வந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்து பதியலாம். ஆனால் திருமண்டல அலுவலகத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஆலயத்தின் பெயரையோ முகவரியையோ அதில் சேர்க்காதீர்கள்.

பணம்

பணம் தேவைப்படுவதற்கு முன்பே பணத்தின் ஒழுங்கு வேண்டும். காசோலையில் மூன்று பேரில் இருவர் கையெழுத்து, அந்த மூவரில் குருவானவர் இல்லை. திருமண்டல விதி அவர் கையெழுத்தும் வேண்டும் என்றால், மூன்றாவதாக இருக்கட்டும். செலவுக்கு ரசீது, வரவுக்கு எண்ணிட்ட ரசீதுப் புத்தகம், மாத முடிவில் ஒரு பக்கக் கணக்கு அறிவிப்புப் பலகையில். கையிருப்பு ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று குழுவே தீர்மானம் எழுதட்டும்.

இன்று ஊர்ப்பணியைக் கெடுக்கும் முதல் காரணம் குருவானவரின் கைப்பேசி எண்ணுக்கு ஜிபேயில் வரும் நன்கொடை. அனுப்புகிறவர் அன்போடுதான் அனுப்புகிறார். ஆனால் அது அவருடைய சொந்தக் கணக்கில் விழுகிறது. வீட்டு வாடகையோடும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தோடும் கலக்கிறது. மூன்று மாதம் கழித்து யாராவது கேட்டால் நேர்மையான மனிதராலும் பிரித்துக் காட்ட முடியாது. குழுவின் கணக்குக்கு ஒரு கியூஆர் அட்டை வாங்கி ஒட்டுங்கள். தவறி உங்கள் எண்ணுக்கு வந்ததை அன்றே அப்படியே திருப்பி அனுப்பி, சரியான கணக்கைக் காட்டுங்கள்.

உள்ளூரிலேயே திரட்டும் வழி நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. கைப்பிடி அரிசி: உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டு ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவரும் பழக்கம். ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். நாளொன்றுக்கு ஒரு பிடி என்றால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. நூற்றிருபது வீட்டில் பாதி வீடு தவறாமல் கொடுத்தாலே 90 கிலோ. தனியாக வாழும் முதியவர்களுக்கு ஆளுக்கு ஐந்து கிலோ என்றால் பதினெட்டுப் பேர். ரேஷன் அரிசியும் கடை அரிசியும் கலந்துவரும் என்பதால் ஒன்றாகக் கொட்டாதீர்கள். வேகும் நேரம் வேறுபட்டு அடுப்பில் குழையும், வாங்கியவர் முகம் சுளிப்பார். வாங்கியவுடன் இரண்டு சாக்காகப் பிரித்து, வண்டு விழுமுன் அந்த மாதத்திலேயே கொடுத்துத் தீருங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பங்கை ஊர்ப்பணிக்கு என்று முன்கூட்டியே மன்றத் தீர்மானமாக எழுதி வைப்பதும் நல்லது. ஏலம் முடிந்த பிறகு கேட்டால் கூரை, ஒலிபெருக்கி என்று பங்கு பிரிந்துபோயிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து ஊர்க்காரர் அனுப்பும் பணத்தில் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமையை வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. ஆனால் அவர் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நிதிதான். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாமல் வாங்கினால் குற்றம். ஆகவே அனுப்புகிறவரிடம் கடவுச்சீட்டின் நகல் கேட்பதில் வெட்கப்படாதீர்கள். பதிவு பெற்ற வேறொரு நிறுவனம் வாங்கி உங்களுக்கு மாற்றிக் கொடுப்பதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது. பதிவு வாங்க மூன்று ஆண்டு செயல்பாடும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்ட வேண்டும். ஒரு கிராமச் சேகரத்துக்கு அது கட்டுப்படியாகாது. முயற்சியை விட்டுவிடலாம்.

வட்டிக்குக் கடன் கொடுக்கும் வேலையில் ஆலயம் இறங்க வேண்டாம், எவ்வளவு குறைந்த வட்டியானாலும். சபையில் கடன் வாங்கியவர் கட்ட முடியாத மாதம் முதலில் ஆராதனைக்கு வருவதை நிறுத்துவார். சேமிப்பும் கடனும் வேண்டுமானால் மகளிர் சுய உதவிக் குழுவாக, பன்னிரண்டு முதல் இருபது பேர் சேர்ந்து, தங்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கட்டும். தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் புத்தகம் ஆகிய ஐந்தும் ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் வங்கிக் கடனுக்கு வழி பிறக்கும். குருவானவரின் பங்கு, கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்க ஆள் தேடிக் கொடுப்பதோடு முடிகிறது.

எந்தத் தெருவில், யார் கையால்

எழுதக் கூச்சப்படும் பகுதி, ஆனால் இங்கேதான் பாதி வேலை தோற்கிறது. ஒரே சேகரத்தில் சாதிவாரியாகப் பிரிந்த தெருக்களும் தனித்தனிச் சிற்றாலயங்களும் உள்ள ஊர்கள் இருக்கின்றன. மாலைப் படிப்பு மையத்தை மேலத் தெருவில் வைத்தால் கீழத் தெருப் பிள்ளைகள் முதல் வாரம் வருவார்கள், இரண்டாம் வாரம் வாசலில் நிற்பார்கள், மூன்றாம் வாரம் வரமாட்டார்கள். மாற்றி வையுங்கள், மையம் கீழத் தெருவில் இருக்கட்டும், ஆசிரியர் நன்றாகச் சொல்லிக் கொடுத்தால் மற்றவர்கள் தேடி வருவார்கள். உணவு பரிமாறும் குழுவிலும் சமையல் குழுவிலும் எல்லாத் தெருவின் ஆளும் இருக்க வேண்டும். சமைப்பது ஒரு தெரு, பாத்திரம் கழுவுவது இன்னொரு தெரு என்று அமைந்துவிட்டால், பீடத்தில் பேசும் சமத்துவம் பந்தியிலேயே செத்துவிடும்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் தவறான நம்பிக்கை கொடுக்காதீர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாருக்கே பட்டியல் சாதிச் சான்று. கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இது அநியாயம் என்று சபை பேசலாம், பேச வேண்டும். ஆனால் மனு மேசையில் உட்காரும் தம்பி, கல்லூரிச் சேர்க்கைக்கு வந்த பிள்ளைக்கு இன்று எந்தச் சான்று கிடைக்கும் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

உதவிப் பையில் கைப்பிரதி வைக்காதீர்கள். உதவி வாங்குமுன் ஜெபம் என்று வரிசையை நிறுத்தி வைக்காதீர்கள். ஜெபிக்க விரும்பிக் கேட்கிறவரோடு ஜெபியுங்கள், அது வேறு. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தை நெறியே, உதவியை மதக் கருத்துக்கோ அரசியல் கருத்துக்கோ கருவியாக்கக் கூடாது என்கிறது. இதை மீறினால் எதிர்ப்பு மட்டுமல்ல, குழுவிலுள்ள வெளி உறுப்பினர் இருவரும் முதல் ஆளாக விலகுவார்கள்.

தேர்தல் காலத்தில் எல்லாவற்றையும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். வெளித் தேர்தலில் சட்டம் தெளிவு: 1988ஆம் ஆண்டின் மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம், வழிபாட்டிடத்தை அரசியல் வேலைக்குக் கொடுப்பதற்கு ஐந்தாண்டுவரை சிறை என்கிறது. வேட்பாளர் தரும் வேட்டி சேலையை ஆலயத்தில் வைத்துக் கொடுப்பதும் இதில் மாட்டும். திருமண்டலத் தேர்தல்தான் உண்மையில் அதிகம் கெடுக்கிறது. இரண்டு அணியும் பயனாளிப் பட்டியலைக் கேட்பார்கள். வாக்குப் பதிவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் புதிய உதவித் திட்டம் எதையும் தொடங்காதீர்கள், நடப்பதை மட்டும் நடத்துங்கள்.

பிள்ளைகள்

படிப்பு மையம் நடத்த மூன்று கட்டாயங்கள்: எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண், கதவும் சன்னலும் திறந்த அறை, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் பெரிதாக. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், அது ஜெபக் குறிப்பாகக் காதில் விழுந்திருந்தாலும், போக்சோ சட்டம் 2012இன்படி காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைப்பது தனிக் குற்றம். "சபைக்குள் பேசித் தீர்ப்போம்" என்று மன்றப் பெரியவர்கள் வருவார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டவே கூடாது.

விடுதியோ அநாதை இல்லமோ தொடங்கும் ஆசை வந்தால், சிறார் நீதிச் சட்டம் 2015ஐ முதலில் வாசியுங்கள். பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பதிவில்லாத இல்லத்தில் வைத்தால் சிறைத் தண்டனையும் ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும் வரலாம்.

மழைக்கு முன்னும் பின்னும்

2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரை ஊர்களில் முதல் இரண்டு நாள் யாரும் உள்ளே வர முடியவில்லை. அந்த இரண்டு நாளுக்குத்தான் சேகரம் தயாராக இருக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து அரசும் தொண்டு நிறுவனங்களும் வந்துவிடும்.

செப்டம்பரில் வேலையைத் தொடங்குங்கள். ஆலயத்தில் எத்தனை பேர் தங்கலாம் என்று அளந்து பாருங்கள். ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர் என்பது நிவாரண முகாமுக்கான அளவு. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள ஆலயத்தில் 57 பேர். ஆராதனைக்கு ஐந்நூறு பேர் உட்காருகிறார்கள் என்பதற்காக ஐந்நூறு பேரைத் தங்கவைக்க முடியாது. மீதிப் பேருக்குப் பள்ளிக் கட்டடத்தை முன்பே பேசி வைத்து, மாற்றுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். இருபது பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும். பெரும்பாலான ஆலயத்தில் ஒன்றுதான் இருக்கும், அதுவும் பூட்டியிருக்கும். கட்டப் பணம் கிடைக்குமானால் மண்டபத்துக்கு முன் கழிப்பறையைக் கட்டுங்கள்.

சமையலுக்குப் புதிதாக ஆள் தேட வேண்டாம். ஆலயத்தின் பொது விருந்தான அசனம் சமைக்கும் குழு நூற்றுக்கணக்கில் சமைத்துப் பழகியது. அண்டாவும் அகப்பையும் இருக்கின்றன. அவர்களையே நிவாரணச் சமையல் குழுவாகப் பெயரிட்டு எழுதி வையுங்கள். நூறு பேருக்கு ஒருவேளைச் சாம்பார் சாதத்துக்கு 10 கிலோ அரிசி, 3 கிலோ துவரம் பருப்பு, 5 கிலோ காய், ஒரு லிட்டர் எண்ணெய். இரண்டு நாளுக்கு இருவேளை என்றால் நாற்பது கிலோ அரிசி. இதைத் தரையில் வைக்காதீர்கள். இடுப்பு உயரத்துக்கு மேல், மணிக்கூண்டு அறையிலோ மாடியிலோ. எரிவாயு உருளையும் அப்படியே உயரத்தில், ஆனால் காற்றோட்டமான இடத்தில். வெள்ளத்தில் காலி உருளை மிதந்து போகும், விறகு நனையும்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு. தொட்டித் தண்ணீருக்குப் புதிய பிளீச்சிங் பவுடரில் 1,000 லிட்டருக்கு 4 கிராம். தூளை நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோதனைக் கருவியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் தூள் பழையதாகி வீரியம் போயிருக்கும், அல்லது தண்ணீர் கலங்கலாக இருக்கும். திறந்த பொட்டலத்தைப் போன வருடத்திலிருந்து வைத்திருந்து போடுவதுதான் வழக்கமான தவறு. கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்த பிறகே மருந்து.

வருகிறவர்களைப் பதிவேட்டில் குடும்பமாக எழுதுங்கள்: பெயர், தெரு, கர்ப்பிணி உண்டா, தினமும் மருந்து சாப்பிடுகிறவர் உண்டா. பீடத்துப் பக்கத்தைப் பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் திரைகட்டிப் பிரித்துவிடுங்கள். பீடம் தீட்டாகிறது என்று யாராவது சொன்னால் குருவானவர் பதில் சொல்ல வேண்டிய இடம் இதுதான், குழுவிடம் தள்ளிவிடக் கூடாது. பாம்புக்கடி, பிரசவம், நெஞ்சுவலிக்கு 108. படகு வேண்டுமானால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. கைப்பேசிக் கோபுரம் விழுந்தால் இவை எதுவும் உதவாது, ஆகவே இருசக்கர வண்டியோடு செய்தி கொண்டுபோக இரண்டு வாலிபர்களின் பெயரை முன்பே எழுதி வையுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு பழந்துணி மூட்டை மூட்டையாக வரும். மறுத்துவிடுங்கள். பிரிக்க ஆறு பேரின் மூன்று நாள் போகும், முக்கால்வாசி உடுத்த முடியாதது. கேட்டு வாங்க வேண்டியவை பாய், போர்வை, விளக்குமாறு, பிளீச்சிங் பவுடர், பெண்களுக்கான உள்ளாடையும் அணையாடையும், பள்ளி நோட்டு. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் ஒரே பை. முந்தைய மாலையே வீட்டுவாசலில் போய் எண்ணிட்ட சீட்டுக் கொடுத்து, தெருவுக்கு ஒரு நேரம் குறித்துவிட்டால் வரிசையில் தள்ளுமுள்ளு இருக்காது. புகைப்படம் எடுக்க வேண்டுமானால் அடுக்கி வைத்த பைகளை எடுங்கள், கை நீட்டுகிறவர் முகத்தை வேண்டாம்.

சேற்றைக் கழுவ இறங்கும் வாலிபர்களுக்குக் காலில் ரப்பர் செருப்பு போதாது, முழங்கால் உயரக் காலணி வேண்டும். கால் புண்ணோடு தேங்கிய தண்ணீரில் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் மாத்திரைக் கடைக்குப் போகாமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மனு மேசையையும் அந்த வாரமே திறங்கள்: நனைந்துபோன ரேஷன் அட்டை, பட்டா, மதிப்பெண் சான்றிதழ், இடிந்த வீட்டுக்கும் செத்த ஆட்டுக்குமான நிவாரண விண்ணப்பம். செத்த கால்நடையைப் புதைக்குமுன் கால்நடை மருத்துவரின் சான்று வாங்க வேண்டும் என்பதை முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். புதைத்த பிறகு வந்து கேட்டால் எழுத எதுவும் இருக்காது.

முகாம் மூடிய பத்து நாளுக்குள் வரவு செலவைப் பொருளாகவும் பணமாகவும் தனித்தனியே எழுதி, ஆலய வாசலிலும் பஞ்சாயத்து அலுவலகப் பலகையிலும் ஒட்டுங்கள். மிஞ்சிய அரிசி எத்தனை கிலோ, அது யாரிடம் இருக்கிறது என்பதும் அந்தத் தாளில் வரட்டும்.